அறிவுசார் மாற்றுத்திறனுள்ள பெற்றோருக்கு இணையவழிப் பயிற்சியை எப்படி மாற்றியமைப்பது?

கேள்வி: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்காக எட்டு வார இணையவழிப் பயிற்சி ஒன்றை நடத்தி வருகிறேன். வாரத்துக்கு ஒரு பாடம். படிக்கச் சில பக்கங்கள், பார்க்க இருபது நிமிடக் காணொளி, இறுதியில் சரியா தவறா எனக் கேட்கும் பத்துக் கேள்விகள், வார முடிவில் வீடியோ அழைப்பில் ஒரு குழுச் சந்திப்பு. லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு தாய் இம்முறை சேர்ந்தார். முதல் இரண்டு பாடங்களில் முழு மதிப்பெண் வாங்கினார். மூன்றாம் பாடம் அடம் பிடிக்கும் குழந்தையைக் கையாள்வது பற்றியது. அந்த வாரச் சந்திப்பின்போது அவருடைய இரண்டு வயது மகன் நாற்காலியின்மேல் ஏறி நின்று ஆட்டிக்கொண்டிருந்தான். அவரோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டபோது, "கண்டுகொள்ளக் கூடாது என்று பாடத்தில் இருந்ததே" என்றார். இருவர் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாடங்களை எளிய மொழியில் சுருக்கி எழுதினால் போதுமா? இவர்களுக்கெனத் தனிப் பயிற்சி வேண்டுமா? அவருடைய மூத்த சகோதரி எப்போதும் பக்கத்தில் அமர்ந்து அவருக்காகப் பதில் சொல்வதை என்ன செய்வது? அந்தத் தாயை மறுபடி அழைக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்தத் தாய் பாடத்தைப் புரிந்துகொள்ளத் தவறிவிட்டதாக நீங்கள் நினைப்பதுபோல் தோன்றுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. பாடம் என்ன சொன்னதோ அதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். "குழந்தை அடம் பிடித்தால் கண்டுகொள்ளாதீர்கள்" என்ற வாக்கியத்துக்குள், ஆபத்து ஏதும் இல்லாதபோது மட்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது மட்டும், அதுவும் அந்த அடம் அடங்கும் வரை மட்டும் என்ற மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. மற்ற பெற்றோர் அவற்றைத் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். நிரப்பிக்கொள்வதுதான் இவருக்குக் கடினம். அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியது பாடம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், எளிய மொழி அவசியம், ஆனால் அது போதாது என்பதே. எளிமையாக்கம் என்றதும் பெரும்பாலோர் நீண்ட சொற்களை நீக்கி, வாக்கியங்களை வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வேலை முடிந்ததென நினைக்கிறார்கள். வாசிப்பு என்பது இவர்கள் எதிர்கொள்ளும் பல சிரமங்களில் ஒன்று மட்டுமே. ஒரே நேரத்தில் நான்கைந்து படிகளை நினைவில் வைத்திருப்பது, பொதுவான அறிவுரை ஒன்றை இப்போது கண்முன் நடக்கும் காரியத்தோடு பொருத்துவது, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்வது, நேரத்தையும் அளவையும் கணிப்பது ஆகியவை அதைவிடப் பெரிய சிரமங்கள். "குழந்தையின் உணர்வுகளுக்கு மதிப்பளியுங்கள்" என்பதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதைப் படித்து முடித்த ஒருவர் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை.

எப்படிக் கற்பித்தால் இவர்கள் கற்கிறார்கள் என்பது இன்று புதிதாகத் தேட வேண்டிய விஷயமல்ல. கனடாவின் உளவியலாளர் மாரிஸ் ஃபெல்ட்மன் 1980-களிலிருந்து இதில் உழைத்தவர். குளிப்பாட்டுவது, பால் புட்டியைக் கழுவுவது போன்ற அன்றாட வேலைகளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு படமும் சில சொற்களும் கொண்ட கையேடுகளை அவரும் அவரோடு பணியாற்றியோரும் உருவாக்கினார்கள். படிக்க இயலாதவர்களுக்கு அதே சொற்களை ஒலிப்பதிவாகத் தந்தார்கள். அந்தக் கையேடுகளைக் கொண்டு, நேரடிப் பயிற்சி அதிகம் இல்லாமலே, பல பெற்றோர் அந்த வேலைகளைக் கற்றுக்கொண்டார்கள். இவர்களுக்குச் சுயமாகக் கற்க வராது என்ற எண்ணத்தை இந்த அனுபவம் ஒன்றே தகர்க்கிறது. ஆனால் அந்தக் கையேடுகள் கொடுக்கப்பட்ட முறையைக் கவனியுங்கள். முதலில் வீட்டுக்குப் போய், அந்தப் பெற்றோர் ஒரு வேலையை எப்படிச் செய்கிறார் என்று படிவாரியாகக் குறித்துக்கொண்டு, எது வரவில்லையோ அதற்கு மட்டும் கையேடு கொடுத்து, பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். எல்லாருக்கும் எட்டுப் பாடம் என்று யாரும் வரிசை போடவில்லை. உங்கள் பயிற்சியில் மாற வேண்டியது முதன்மையாக இந்த வரிசை என்பேன்.

ஆய்வுச் சான்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு இத்துறைப் பயிற்சிகளை மதிப்பிட்ட தொகுப்பு 2010-இல் வெளிவந்து 2018-இல் புதுப்பிக்கப்பட்டது. நம்பத்தகுந்த முறையில் நடந்த சோதனைகள் மிகக் குறைவு, அவையும் சிறியவை, கிடைத்த பலன்கள் நம்பிக்கை தருபவை என்பதே அதன் சாரம். அந்தச் சோதனைகளும் பெரும்பாலும் நேரடிப் பயிற்சியைப் பற்றியவை. எனவே இணையவழியில் இதுதான் சரியான முறை என்று யாரேனும் அடித்துச் சொன்னால் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள், என்னையும் சேர்த்துத்தான்.

படிகளாகப் பிரிப்பது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். "பால் பவுடரைச் சரியான அளவில் கலக்குங்கள்" என்பது உங்கள் பாடத்தில் ஒரே வரியாக இருக்கக்கூடும். அதைப் பிரித்தால் இப்படி வரும்: கையைக் கழுவு, சுத்தமான புட்டியை எடு, நீரை முதலில் ஊற்று, நீர் குறித்த கோட்டில் நிற்கிறதா என்று புட்டியை மேசைமேல் வைத்துப் பார், டப்பாவோடு வந்த கரண்டியால் பவுடரை அள்ளு, கரண்டியின் மேல்பகுதியைத் தட்டையாக வழி, அதைப் புட்டியில் போடு, மூடியை இறுக்கு, குலுக்கு, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார். இதில் இரண்டே இடங்களில்தான் பெரும்பாலும் சறுக்கல் நேரும். ஒன்று, புட்டியைக் கையில் சாய்த்துப் பிடித்தபடி கோட்டைப் பார்ப்பது. மற்றொன்று, கரண்டிகளின் எண்ணிக்கை தவறிப்போவது. முதலாவதற்கு அவருடைய புட்டியிலேயே அந்தக் கோட்டின்மேல் வண்ண நாடா ஒட்டலாம். இரண்டாவதற்கு, டப்பாவில் போட்டிருக்கும் எண்ணிக்கைப்படி அத்தனை பொத்தான்களைத் தட்டில் வைத்து, ஒரு கரண்டி போட்டதும் ஒரு பொத்தானை அகற்றச் சொல்லலாம். பால் நீர்த்துப்போனாலும் அடர்ந்துபோனாலும் குழந்தைக்குக் கேடு என்பதை அவரும் அறிவார். அவருக்குத் தேவைப்படுவது எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு வழி.

இதே முறையை மூன்றாம் பாடத்துக்கும் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், கண்டுகொள்ளாமல் விடுவதைத் தொடக்கத்தில் கற்பிக்கவே வேண்டாம். எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது என்று நொடிக்கு நொடி பிரித்தறிய வேண்டிய உத்தி அது. தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு மோசமாக இருக்கும். அதற்கு முன்னால் பாதுகாப்பைக் கற்பியுங்கள்: கால் தரையில் இல்லையென்றால் உடனே போ, தூக்கு, கீழே இறக்கு. அடுத்ததாகப் பாராட்டைக் கற்பியுங்கள். "நல்ல பையன்" என்ற பொதுவான சொல்லைவிட, "பந்தைப் பெட்டியில் போட்டாய், நன்று" என்று குழந்தை செய்ததையே சொல்லிப் பாராட்டுவது அவருக்கும் எளிது, குழந்தைக்கும் புரியும். கவனத்தை வேறு பொருளின் பக்கம் திருப்புவதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். இவை மூன்றும் கைவந்தால், கண்டுகொள்ளாமல் விட வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும். பிறகும் தேவைப்பட்டால், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய அடையாளங்களோடு கொடுங்கள்: கால் தரையில் இருக்கிறது, கையில் ஆபத்தான பொருள் இல்லை, அடிபடவில்லை, பசியோ காய்ச்சலோ இல்லை. நான்குக்கும் நான்கு படங்கள். நான்கும் சரியாக இருந்தால் மட்டும் முகத்தைத் திருப்பலாம்.

காணொளிகளில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது, தவறான முறையை முதலில் நடித்துக் காட்டிவிட்டு "இவர் செய்த பிழை என்ன?" என்று கேட்கும் பகுதிகளில். குழந்தை வளர்ப்புப் பயிற்சிகளில் இது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவரின் நினைவில் எது தங்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? திரையில் ஒருவர் குழந்தையை அதட்டுவதைப் பார்த்த பிறகு, பயிற்சிக் காணொளியில் அப்படித்தான் காட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. சரியான முறையை மட்டும் காட்டுங்கள். ஒரு காணொளியில் ஒரு செயல்; ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்; பின்னணி இசை வேண்டாம்; திரையில் எழுத்து ஓடும்போதே வேறு வாக்கியத்தைப் பேச வேண்டாம். கார்ட்டூன் உருவங்களையும் குறியீடுகளையும்விட உண்மையான மனிதர்களும் உண்மையான பொருள்களும் தெளிவாகப் புரியும். முடிந்தால் அந்தப் பெற்றோரின் வீட்டுப் பொருள்களையே படமெடுத்துப் படிகளில் சேருங்கள். காணொளியில் வருவது நீல நிறத் தொட்டி, தன் வீட்டில் இருப்பது வாளி என்பதே சிலருக்குக் கற்றதைச் செய்யத் தடையாகிவிடும்.

பாடத்துக்குள் நுழைவதற்கு முன்பே பலர் திரும்பிப்போகும் இடம் ஒன்று உண்டு. பயனர்பெயர், கடவுச்சொல், செல்பேசிக்கு வரும் எண்ணை அரை நிமிடத்துக்குள் இன்னொரு பெட்டியில் தட்டச்சு செய்வது ஆகியவைதான் அந்த இடம். மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் (WCAG) 2.2-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது; அது, உள்நுழைவதற்காக ஒருவரை எதையாவது நினைவில் வைத்திருக்கவோ புதிர் விடுவிக்கவோ வேறு வழியே இல்லாமல் கட்டாயப்படுத்தக் கூடாதெனத் தனி விதியே வகுத்திருக்கிறது. உங்கள் தொழில்நுட்ப உதவியாளரிடம் அதைக் காட்டி, குறுஞ்செய்தியில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டால் அன்றைய காணொளி நேராகத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். முகப்பில் பன்னிரண்டு பொத்தான்கள் வேண்டாம்.

அடுத்தது மதிப்பெண். சரியா தவறா என்ற கேள்விகளுக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் மூன்றாம் வாரம் நாற்காலியைப் பார்க்காமல் இருந்தார் என்றால், அந்தக் கேள்விகள் எதை அளந்தன? பாதியைச் சகோதரி சொல்லியிருப்பார். மீதியில் "சரி" என்ற பதிலே அவருக்குக் கைகொடுத்திருக்கும். அறிவுசார் மாற்றுத்திறனுள்ள பலர், கேட்பவர் மனம் கோணாமல் இருக்க ஆமாம் சொல்லப் பழகியவர்கள், "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றுதான் பதில் வரும். ஆகவே கேள்வித்தாளை எடுத்துவிட்டு, "எனக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். படிகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். பத்துப் படிகளில் எட்டைத் தானாகச் செய்தார், இரண்டில் நினைவூட்ட வேண்டியிருந்தது என்ற குறிப்பு, நூற்றுக்கு நூறு என்ற மதிப்பெண்ணைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும். சில வாரம் கழித்து அதே பட்டியலை வைத்து மறுபடியும் பாருங்கள். கற்றது நிலைத்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

இங்கேதான் இணையத்தின் உண்மையான பயன் இருக்கிறது என்பது என் கருத்து. பாடம் நடத்துவதற்கு அது சுமாரான கருவி. ஆனால் ஒரு பயிற்றுநரை, வேலை நடக்கும் இடத்துக்கே, வேலை நடக்கும் நேரத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும் கருவியாக அதற்கு நிகரில்லை. வகுப்பறையில் பொம்மையை வைத்துக் கற்றதை வீட்டில் குழந்தையிடம் செய்வதற்குள் பாதி உதிர்ந்துபோகும். செல்பேசியை அடுக்களை மேடையில் ஒரு பாத்திரத்தின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் பால் கலக்க, நீங்கள் பார்த்துக்கொண்டே, "கோடு சரியாக இருக்கிறதா, மேசைமேல் வைத்துப் பாருங்கள்" என்று அந்தக் கணத்தில் சொல்ல முடிவது பெரிய வசதி. சரியாகச் செய்ததை அந்த நொடியிலேயே சொல்லுங்கள். பிழையை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வடிவில் மட்டும் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட, வாரத்தில் மூன்று நாள் பத்துப் பத்து நிமிடங்கள் பலன் தரும். உங்கள் நேரமும் பெரிதாக அதிகரிக்காது. இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் அவசியம்: குளியல், உடை மாற்றல் போன்றவற்றைப் பொம்மையை வைத்தே செய்துகாட்டச் சொல்லுங்கள், எந்த அழைப்பையும் பதிவு செய்யாதீர்கள், இந்த இரண்டையும் அவருக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூத்த சகோதரி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அவர் இல்லாவிட்டால் அந்தத் தாய் இணைப்பையே திறந்திருக்க மாட்டார் என்பதும் உண்மையாக இருக்கலாம். டக்கர், ஜான்சன் என்ற இருவர் 1989-இல் எழுதிய கட்டுரை ஒன்று, இத்தகைய தாய்மார்களுக்குக் கிடைக்கும் உதவியைத் திறமையை வளர்க்கும் உதவி, திறமையை முடக்கும் உதவி என இரண்டாகப் பிரித்தது. இன்றும் நான் குடும்பங்களைப் பார்க்கும்போது அந்தப் பிரிவினை கைகொடுக்கிறது. குழந்தை அழுததும் தாயின் கையிலிருந்து வாங்கிக்கொள்பவர் இரண்டாம் வகை. "எதற்கு அழுகிறான் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு ஓர் அடி பின்னால் நிற்பவர் முதல் வகை. பெரும்பாலான உறவினர்கள் கெட்ட எண்ணத்தால் குறுக்கிடுவதில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதற்றம்தான் காரணம். சகோதரியிடம் தனியாகப் பேசி அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்: செல்பேசியைப் பிடித்துக்கொள்வது, படிப் பட்டியலில் குறியிடுவது, தங்கை தடுமாறினால் மனதுக்குள் பத்து எண்ணிய பிறகே அடுத்த படத்தைச் சுட்டிக்காட்டுவது. பேசுவதைத் தடுப்பதைவிட இது நடக்கக்கூடிய காரியம். கூடவே, அவரை வைத்துக்கொண்டு தாய் சொல்லத் தயங்கும் விஷயங்கள் இருக்கலாம் என்பதால், சகோதரி இல்லாத சில நிமிடங்களையும் ஒவ்வொரு வாரமும் ஒதுக்குங்கள்.

தனிப் பயிற்சி வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். முதல் காரணம், குறைபாடு இருப்பதை அறிந்தவர்களும் வெளியே சொல்பவர்களும் ஒரு பகுதியினர் மட்டுமே. தனிப் பயிற்சி என்று பெயர் வைத்த உடனே மற்றவர்கள் அதன் பக்கம் வரமாட்டார்கள். இரண்டாவது, நான் மேலே சொன்ன எதுவும் மற்ற பெற்றோருக்குக் கெடுதல் செய்யாது. தூக்கமில்லாத ஒரு தகப்பனுக்கும் பத்துப் பக்கப் பாடத்தைவிடப் பத்துப் படங்கள்தான் மேல். சேரும்போது எல்லாரிடமும், "படித்துக் கற்பது பிடிக்குமா, பார்த்துக் கற்பது பிடிக்குமா, யாராவது கூட இருந்து சொல்வது பிடிக்குமா?" என்று கேளுங்கள். மூன்றாவதைச் சொல்பவர்களுக்கு மெதுவான பாதையைக் கொடுங்கள். குழுச் சந்திப்பில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. சிரித்த அந்த இருவரை நீங்கள் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஒத்த அனுபவமுள்ள மூன்று நான்கு பெற்றோர் கொண்ட சிறு குழு, பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் போன்ற இன்னொரு பெற்றோரைப் பார்க்கும் வாய்ப்பாக அமைகிறது. அப்படி ஒன்றை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யலாம். புதுப் பாடங்களை வெளியிடும் முன் அவர்களிடமே கொடுத்துச் சோதியுங்கள். அந்த உழைப்புக்கு ஊதியமும் கொடுங்கள்.

அந்தத் தாயைக் கட்டாயம் அழையுங்கள். அவர் விலகியதற்கு வெட்கம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட ஆழமான காரணம் பயம். குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் இத்தகைய பெற்றோரிடம் எப்போதும் இருக்கிறது. பல நாடுகளில் இவர்களின் குழந்தைகள் மற்றவர்களின் குழந்தைகளைவிட அதிக அளவில் பிரிக்கப்பட்டிருப்பதால், அந்த அச்சத்தை வீண் என்று சொல்ல முடியாது. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, பெற்றோரின் குறைபாட்டைக் காரணமாகக் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்றும், குழந்தை வளர்ப்பில் அவர்களுக்குத் தகுந்த உதவியை அரசுகள் அளிக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தாயின் கண்ணோட்டத்தில், மகன் நாற்காலியில் ஆடியதை ஒரு திரை நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்காதீர்கள். பாடத்தில் எழுதியது தெளிவாக இல்லை, அதைத் திருத்துகிறோம், திருத்துவதற்கு உங்கள் உதவி வேண்டும் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. குழந்தைக்குக் கடும் ஆபத்து என்று கண்டால் நீங்கள் யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதையும், மற்றவற்றை யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்பதையும் முதல் உரையாடலிலேயே இரண்டு மூன்று எளிய வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை முறிந்துவிடும்.

திரைக்குள் அடங்காதவையும் உண்டு. வீட்டில் வன்முறை, தாயின் மனச்சோர்வு, குழந்தையின் எடை கூடாமை, அடுத்த வேளைக்கு வழியில்லாமை ஆகியவற்றை வீடியோ அழைப்பில் சமாளிக்க முயலாதீர்கள். நேரில் வீட்டுக்குச் செல்லக்கூடிய செவிலியர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரோடு இப்போதே தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, முதல் சந்திப்புக்கு அவரையும் அழைப்பில் சேர்த்து அறிமுகம் செய்துவிடுவது நல்லது.

கடைசியாக, எட்டு வாரம் என்ற கெடு. இவர்களுக்கு மூன்று செயல்கள் உறுதியாக வருவதற்கே எட்டு வாரம் ஆகலாம். அது நல்ல வேகம்தான். ஆனால் தவழும் குழந்தைக்குக் கற்றவை ஓடும் குழந்தைக்குப் போதாது, ஓடும் குழந்தைக்குக் கற்றவை பள்ளிக்குப் போகும் குழந்தைக்குப் போதாது. சான்றிதழ் கொடுத்துப் பெயரை நீக்கிவிடாமல், மகனுக்கு மூன்று வயது, ஐந்து வயது என்று மாற்றம் வரும் பருவங்களை உங்கள் நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்தந்த நேரத்தில் நீங்களாகவே அழைத்து, இப்போது எது சிரமமாக இருக்கிறது என்று கேட்டு, அந்த ஒரு செயலுக்கு மட்டும் சில வார உதவியை மறுபடி தொடங்குங்கள்.